டீசலுக்கு எத்தனை மாற்று?

பெரியப்பாவின் கிணற்றுமேட்டில் ஓர் ஆயில் இன்ஜின் இருந்தது. ஐந்து குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர். சித்திரை மாதத்தில் அதைப் பள்ளிக்கூடப் பையன்கூட எழுப்பிவிடலாம். மார்கழி விடியலில் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஹேண்டிலைப் போட்டு மூச்சைப் பிடித்துச் சுற்றுவார். வேகம் ஏறியதும் மற்றவர், வால்வைத் தூக்கிப் பிடித்திருக்கும் லீவரைத் தட்டிவிடுவார். முதல் சில சுற்றுக்குப் புகைக்குழாயில் வெள்ளைப் புகைதான் வரும், கண் எரியும். பெரியப்பா ஒரு சாக்குத் துண்டைக் கொளுத்தி, இன்ஜின் காற்றை உறிஞ்சும் வாயருகே காட்டுவார். சட்டென்று இரும்பில் சம்மட்டி விழுந்தாற்போல ஓர் அடி கேட்கும். பின்னாலேயே இன்னும் இரண்டு அடி. அதற்கப்புறம்தான் வழக்கமான டுக் டுக்.

"இன்னிக்கு டீசல்ல ஏதோ கலந்துட்டான்" என்பார் பெரியப்பா. அதே பீப்பாய் டீசல்தான் பத்து மணி வெயிலில் ஒரே சுற்றில் பற்றிக்கொள்ளும்.

அந்த வெள்ளைப் புகைக்கும் சம்மட்டி அடிக்கும் காரணம் ஒன்றே: தாமதம். டீசல் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும் கணத்துக்கும் அது பற்றிக்கொள்ளும் கணத்துக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு. ஒரு டீசல் அந்த இடைவெளியில் எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்பதைச் சொல்கிற எண்தான் சீட்டேன் எண். டீசலின் 'பவரை' அது அளப்பதில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கும் என்றும் சொல்வதில்லை. தீப்பிடிக்க எவ்வளவு சுணங்குகிறது என்பது மட்டுமே அதன் கவலை.

திரி இல்லாத நெருப்பு

சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். சுடும். உராய்வு கொஞ்சம் காரணம். காற்றை நெருக்குவதே பெரிய காரணம். வாயுவை நெருக்க நாம் செலவிடும் உழைப்பு அதற்குள் வெப்பமாக இறங்குகிறது. டீசல் இன்ஜின் இந்தச் சூட்டை மட்டுமே நம்பி ஓடுகிறது. பெட்ரோல் இன்ஜினில் உள்ள ஸ்பார்க் பிளக் இதில் கிடையாது. 27 டிகிரி செல்சியஸில் உள்ளே வரும் காற்றை அதன் கொள்ளளவில் பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கினால் வெப்பநிலை 550 டிகிரியை ஒட்டி ஏறிவிடும். டீசல் தானாகத் தீப்பிடிக்க 200 டிகிரிக்குச் சற்று மேல் போதும். பிஸ்டன் உச்சியை நெருங்கும் நேரத்தில் நாசில் டீசலைப் பீய்ச்சுகிறது. சூடான காற்றே கொளுத்திவிடுகிறது.

ருடால்ஃப் டீசல் இந்த யோசனைக்கு 1893இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் நான்கு ஆண்டு பாடுபட்டபின், 1897 பிப்ரவரி 17 அன்று பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அவருடைய இன்ஜினைச் சோதித்தார். எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. அன்றைய நீராவி இன்ஜின்களுக்கு அது எட்டாத உயரம்.

ஆனால் 'பீய்ச்சியதும் பற்றிக்கொள்கிறது' என்று சொல்லும்போது நாம் ஒன்றைத் தாண்டிப் போகிறோம். பீய்ச்சிய டீசல் முதலில் நுண்துளிகளாகச் சிதற வேண்டும். துளிகள் ஆவியாகிக் காற்றோடு கலக்க வேண்டும். பிறகு மூலக்கூறுகள் உடைந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்று பத்தாகிப் பத்து நூறாகி வினை பெருக வேண்டும். அப்புறம்தான் சுடர். இந்த ஏற்பாடெல்லாம் நடக்கும் வரை நாசில் காத்திருக்காது. டீசல் வந்துகொண்டே இருக்கும்.

கேஸ் அடுப்பைத் திருகிவிட்டு லைட்டரைத் தேடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? லைட்டர் கிடைத்துத் தட்டும்போது 'பொக்'கென்று ஒரு பந்து நெருப்பு மேலே வரும். சிலிண்டருக்குள்ளும் அதே கதைதான். தாமதம் குறைவென்றால் முதலில் வந்த சிறு அளவு பற்றிக்கொள்ளும், பின்னால் வருவது வர வர நிதானமாக எரியும். தாமதம் நீண்டால் குவிந்து கிடந்த டீசல் முழுவதும் ஒரே கணத்தில் எரிந்து, அழுத்தம் பிஸ்டன் தலையில் சம்மட்டியாக இறங்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். தாமதம் இன்னும் நீண்டால் சில சுற்றுகளில் டீசல் பற்றவே பற்றாமல், ஆவியும் துளியுமாக வெளியேறும். பெரியப்பாவின் கண்ணை எரித்த வெள்ளைப் புகை அதுவே.

பெட்ரோல் இன்ஜினிலும் நாக்கிங் உண்டு. ஆனால் அங்கே காரணம் தலைகீழ். ஸ்பார்க் பிளக் மூட்டிய சுடர் வந்து சேருமுன்பே மூலையில் உள்ள பெட்ரோல் அவசரப்பட்டுத் தானே வெடித்துவிடுவதால் எழும் சத்தம் அது. பெட்ரோலுக்குப் பொறுமை வேண்டும், அதை ஆக்டேன் எண் அளக்கிறது. டீசலுக்கு அவசரம் வேண்டும், அதைச் சீட்டேன் எண் அளக்கிறது. ஒன்றில் உயர்ந்தது பெரும்பாலும் மற்றதில் தாழ்ந்திருக்கும்.

உரைகல்லும் ஆணிப்பொன்னும்

சுணக்கத்தை நேரடியாக மில்லி விநாடியில் அளந்து சொல்லிவிட்டால் என்ன? சொல்லலாம்தான். ஆனால் அது அந்த இன்ஜினுக்கு, அந்தச் சூட்டுக்கு, அந்த வேகத்துக்கு மட்டுமே பொருந்தும். இன்ஜினை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். இதே சிக்கல் பொற்கொல்லருக்கும் இருந்தது. ஒரு நகையை உரைகல்லில் தேய்த்தால் விழும் கீற்றின் நிறம் கல்லைப் பொறுத்தும் வெளிச்சத்தைப் பொறுத்தும் வேறுபடும். அதனால் பொன்னைச் சோதிக்கும் பழைய வண்ணக்கர்கள் கீற்றைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. மாற்று, அதாவது பொன்னின் தர அளவு, தெரிந்த ஆணிப்பொன்னை அதே கல்லில் பக்கத்திலேயே தேய்த்து ஒப்பிட்டார்கள். கல் எப்படியிருந்தால் என்ன, இரண்டு கீற்றும் அதே கல்லில்தானே விழுகின்றன?

டீசலுக்கு ஆணிப்பொன் தேடும் வேலை 1930களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில், ராயல் டச்சு ஷெல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் நடந்தது. போர்லாகே, புரூஸே என்ற இருவர் அங்கே ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். சட்டென்று பற்றும் 'சீட்டீன்' ஒரு முனை. எளிதில் பற்றாத மெத்தில்நாஃப்தலீன் மறு முனை. சீட்டீன் வைத்திருக்க வைத்திருக்கக் கெடும் என்பதால் விரைவில் அதன் இடத்தில் அதைவிட நிலையான சீட்டேன் வந்து அமர்ந்தது. சீட்டேனுக்கு 100, மெத்தில்நாஃப்தலீனுக்கு 0.

பெயரின் பின்னால் ஒரு திமிங்கிலம் இருக்கிறது. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையில் கிடைக்கும் மெழுகிலிருந்து பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் 1817இல் ஓர் ஆல்கஹாலைப் பிரித்தெடுத்தார். திமிங்கிலத்துக்கான லத்தீன் சொல்லான 'சீட்டஸ்' வழியாக அது 'சீட்டைல் ஆல்கஹால்' ஆனது. அதே 16 கார்பன் குடும்பத்தில் பிறந்ததால் இதுவும் சீட்டேன். இன்றைய வேதியியல் பாடப் புத்தகத்தில் இதற்கு ஹெக்சாடெக்கேன் என்று பெயர். ஆனாலும் பங்க்கில் நிற்கும் டீசலோடு அந்தத் திமிங்கிலத்தின் பெயர் ஒட்டிக்கொண்டே வருகிறது.

கீழ்முனையில் இருந்த மெத்தில்நாஃப்தலீன் விலை கூடியது, நாற்றமடிப்பது, வைத்தால் கெடுவது. 1962இல் அதை நீக்கிவிட்டு ஹெப்டாமெத்தில்நோனேன் என்ற பொருளைக் கொண்டுவந்தார்கள். பழைய அளவுகோலில் அதற்கு 15 கிடைத்திருந்தது, அதையே நிலையாக்கிவிட்டார்கள். கணக்கு எளிது. 40 பங்கு சீட்டேனும் 60 பங்கு ஹெப்டாமெத்தில்நோனேனும் கலந்தால், 40க்கு 40, 60இல் 15 சதவீதமான 9, ஆக 49. இந்தக் கலவையைப் போல் நடந்துகொள்ளும் டீசலின் சீட்டேன் எண் 49. அந்த டீசலில் 49 சதவீதம் சீட்டேன் இருக்கிறது என்று பொருளல்ல. 49 மாற்றுக் கீற்றோடு அதன் கீற்று ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

மூன்று பதின்மூன்று

இனி உரைகல்லைப் பார்ப்போம். பெட்ரோலின் ஆக்டேனை அளக்க 1920களின் இறுதியில் அமெரிக்காவின் வாக்கெஷா நிறுவனம் செய்த ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினின் டீசல் தம்பி அது. உலகமெங்கும் சீட்டேன் சோதனைக்கு நடுவர் இன்றும் இதுவே. இதில் ஒரு விசேஷம் உண்டு. சாதாரண இன்ஜினில் காற்றை எத்தனை பங்கு நெருக்குவது என்பது வார்ப்பிலேயே முடிவாகிவிடும். இதில் ஒரு கைச்சக்கரம் இருக்கிறது. அதைத் திருகினால் அறையின் கொள்ளளவு மாறி, நெருக்கம் 8 மடங்கிலிருந்து 36 மடங்கு வரை போய்வரும்.

சோதனையாளர் இன்ஜினை நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடவிடுகிறார். மாதிரி டீசல் நிமிடத்துக்குச் சரியாக 13 மில்லிலிட்டர் போகும்படி வைக்கிறார். பிஸ்டன் உச்சியை எட்ட இன்ஜின் சுழற்சியில் 13 டிகிரி இருக்கையில் நாசில் திறக்கும்படி டைமிங் வைக்கிறார். பிறகு கைச்சக்கரத்தைத் திருகித் திருகி, டீசல் மிகச் சரியாக உச்சியில் பற்றும் இடத்துக்குக் கொண்டுவருகிறார். அதாவது தாமதமும் 13 டிகிரி. கைச்சக்கரம் நிற்கும் அளவைக் குறித்துக்கொள்கிறார். சீக்கிரம் பற்றும் டீசலுக்குக் குறைந்த நெருக்கமே போதும். சுணங்கும் டீசலை வழிக்குக் கொண்டுவர நெருக்கத்தைக் கூட்ட வேண்டும்.

அந்த 13 டிகிரி எவ்வளவு நேரம்? நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் விநாடிக்கு 15 சுற்று, அதாவது 5,400 டிகிரி. 13ஐ அதால் வகுத்தால் 2.4 மில்லி விநாடி. நீங்கள் ஒரு முறை கண் இமைப்பதற்குள் இப்படி 40 தாமதங்கள் வந்துபோய்விடும்.

அடுத்து ஆணிப்பொன். மாதிரிக்குச் சற்று மேலான எண் கொண்ட ஒரு கலவை, சற்றுக் கீழான எண் கொண்ட ஒரு கலவை. இரண்டுக்கும் இடையே 5.5 புள்ளிக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டையும் அதே இன்ஜினில் ஓட்டி, அதே 13 டிகிரித் தாமதத்துக்குக் கொண்டுவந்து, கைச்சக்கர அளவைக் குறிக்கிறார்கள். 48க்கும் 53க்கும் சரிபாதியில் மாதிரியின் அளவு விழுந்தால் அதன் சீட்டேன் எண் 50.5.

இவ்வளவு கண்ணும் கருத்துமாகச் செய்தும் இந்த எண் கொஞ்சம் தளர்வானதுதான். எண் 52 அருகே, ஒரே டீசலை இரு வேறு ஆய்வகங்கள் சோதித்தால் முடிவுகள் 4 புள்ளி வரை வேறுபடுவதை விதிமுறையே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே ஒரு சான்றிதழில் 51, இன்னொன்றில் 53 என்று இருந்தால், இரண்டாவது உயர்ந்த சரக்கு என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது.

இந்த இன்ஜினை வாங்கி வைத்துப் பராமரிப்பது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. அதனால் குறுக்குவழிகள் உண்டு. டீசலின் அடர்த்தியையும், அது 10, 50, 90 சதவீதம் வடியும் வெப்பநிலைகளையும் வைத்துக் கணக்கிட்டுச் சொல்வது சீட்டேன் குறியீட்டெண். மூடிய கலத்தில் சூடான அழுத்தக் காற்றுக்குள் டீசலைப் பீய்ச்சி, பற்றும் நேரத்தை மின்னணுக் கருவியால் பிடிப்பது இன்னொரு முறை.

ஒரே பதினாறு, இரண்டு குணம்

அளவுகோலின் இரு முனைப் பொருள்களையும் இப்போது அருகருகே வையுங்கள். சீட்டேனில் 16 கார்பன், 34 ஹைட்ரஜன். ஹெப்டாமெத்தில்நோனேனிலும் 16 கார்பன், 34 ஹைட்ரஜன். எரிந்தால் இரண்டும் அதே அளவு கரியமில வாயுவும் நீராவியுமாக மாறும். தரும் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றுக்கு 100, மற்றதற்கு 15. சீட்டேன் எண் எரிபொருளின் பலத்தைச் சொல்வதில்லை என்பதற்கு அளவுகோலே சாட்சி.

வேறுபாடு வடிவத்தில் இருக்கிறது. சீட்டேனில் 16 கார்பனும் பூத்தொடுத்த நார்போல் ஒரே வரிசை. மற்றதில் ஒன்பது கார்பன் கொண்ட தண்டும் அதில் ஏழு கிளைகளும். சூட்டில் ஒரு ஹைட்ரஜன் பிய்த்துக்கொண்டு போனதும் அந்தக் காலியிடத்தில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ஆக்சிஜனின் மறு முனை, அதே சங்கிலியில் சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு ஹைட்ரஜனை எட்டிப் பறிக்கும். நார் நீளமாக, கிளையில்லாமல் இருந்தால் எளிதில் வளைந்து கொடுக்கும். நடுச்சங்கிலி ஹைட்ரஜன்களின் பிடியும் சற்றுத் தளர்வானது. இப்படிப் பிறக்கும் பெராக்சைடு உடைந்து வினைத்துண்டுகளை உதிர்க்க, அவை புதிய மூலக்கூறுகளைத் தாக்க, தீ பெருகுகிறது. கிளைத்த மூலக்கூறில் இடநெருக்கடி. கிளை நுனியில் உள்ள ஹைட்ரஜன்கள் இறுகப் பிடித்திருக்கும். பென்சீன் வளையம் கொண்ட அரோமேட்டிக் பொருள்களோ வளையவே மாட்டா. ஆகவே சுணக்கம்.

பெட்ரோல் அளவுகோலில் 0 வாங்கும் நேர்ச்சங்கிலி ஹெப்டேனை டீசல் அளவுகோலில் நிறுத்தினால் 50க்கு மேல் வாங்கிவிடுகிறது. மோசமான பெட்ரோல் இங்கே தேர்ச்சி பெறுகிறது. பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலக்கும் எத்தனாலோ ஆக்டேனில் முதல் மாணவன், சீட்டேனில் 10ஐக்கூடத் தொடுவதில்லை. எத்தனாலை டீசலில் கலப்பது பெட்ரோலில் கலப்பதைப்போல் எளிதாக இல்லாமற்போனதற்கு இது ஒரு காரணம். தாவர எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசலிலும் வடிவமே தீர்ப்பு எழுதுகிறது. இரட்டைப் பிணைப்பு குறைந்த பாமாயில் வகை 60ஐ ஒட்டியோ தாண்டியோ போகும். இரட்டைப் பிணைப்பு மிகுந்த சோயா வகை 50 அருகே நின்றுவிடும்.

அப்படியானால் நேர்ச்சங்கிலிகளையே நிரப்பி 100ஐ எட்டிவிடலாமே? குளிர் விடாது. சுத்தமான சீட்டேன் 18 டிகிரியிலேயே உறைந்து மெழுகாகிவிடும். ஊட்டியின் சாதாரண இரவு அதற்குப் போதும். நேர்ச்சங்கிலிகள் பற்றவும் முந்தும், குளிரில் அடுக்கி உறையவும் முந்தும். 2019 நவம்பரில் லடாக்குக்கென்று இந்தியன் ஆயில் நிறுவனம் தனியாக ஒரு குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. மைனஸ் 33 டிகிரி வரை அது உறையாமல் ஓடும். அங்கே ஓட்டுநரின் முதல் கவலை, டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதல்ல. டேங்கிலிருந்து அது வெளியே வருமா என்பது.

51 எதற்கு, 40 எதற்கு?

இந்தியாவில் பிஎஸ்-6 டீசலுக்குச் சீட்டேன் எண் குறைந்தது 51, ஐரோப்பாவிலும் அதுவே. அமெரிக்காவில் 40 போதும். அங்கே பெட்ரோலுக்குப் பசி அதிகம். அதனால் கனமான எண்ணெயை உடைத்துப் பெட்ரோல் எடுக்கும் ஆலைகள் மிகுதி. அந்த உடைப்பில் பக்கவிளைவாக வரும் அரோமேட்டிக் மிகுந்த எண்ணெய் டீசலில் போய்ச் சேர்கிறது. அதன் எண் 20ஐச் சுற்றியே இருக்கும். மண்ணின் குணமும் எண்ணில் தெரியும். அசாம் கச்சா எண்ணெயிலிருந்து வரும் டீசலுக்கு இந்தியத் தரவிதிகள் 3 புள்ளி சலுகை தந்திருந்தன.

நம் தரவிதியில் இரண்டு எண்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். சோதித்துப் பார்க்கும் சீட்டேன் எண் 51; கணக்கிட்டுச் சொல்லும் குறியீட்டெண் 46. நடுவே உள்ள இடைவெளியை மருந்து கொண்டு நிரப்பலாம். எத்தில்ஹெக்சைல் நைட்ரேட் என்ற பொருள் அந்த மருந்து. அதில் ஒரு பிணைப்பு மிகத் தளர்வானது. மற்ற மூலக்கூறுகள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இது உடைந்து வினைத்துண்டுகளைத் தூவிவிடும். பாலுக்கு உறை ஊற்றுவது போல, ஆயிரத்தில் ஓரிரு பங்கு கலந்தாலே எண் சில புள்ளி ஏறும். அடர்த்தியும் வடியும் வெப்பநிலையும் இதனால் மாறுவதில்லை என்பதால் குறியீட்டெண்ணின் கண்ணுக்கு இந்த மருந்து தெரியாது. 46 டீசலின் பிறவிக்குணம். அதற்கு மேல் உள்ளது ஏற்றிய குணம்.

இன்ஜினுக்கு ஏற்ப எண்ணின் மதிப்பும் மாறும். நிமிடத்துக்கு 100 சுற்றில் அசையும் பெருங்கப்பல் இன்ஜினில் 2.4 மில்லி விநாடி என்பது ஒன்றரை டிகிரிகூட இல்லை. அதனால் அது தார்போன்ற எண்ணெயையும் எரித்துத் தள்ளும். 3,000 சுற்றில் ஓடும் கார் இன்ஜினில் அதே நேரம் 43 டிகிரி. அதற்குள் பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பி வெகுதூரம் இறங்கிவிட்டிருக்கும். அங்கே தாமதம் ஒரு மில்லி விநாடிக்குள் அடங்கியாக வேண்டும். டர்போவும் உயர் அழுத்தமும் அதற்கு உதவுகின்றன. இன்றைய காமன் ரெயில் இன்ஜின்கள் ஒரு தந்திரமும் செய்கின்றன. முதலில் ஒரு துளியை மட்டும் தெளித்துப் பற்றவைத்துவிட்டு, அந்தச் சூட்டில் மீதியைப் பீய்ச்சுகின்றன. புது டீசல் கார்கள் பழைய ஜீப்பைப்போல் கடகடக்காததற்கு இது முக்கியக் காரணம்.

இன்ஜின் கேட்கும் எண் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் ஊற்றுவதில் பெரிய லாபமில்லை. எண் கூடினால் மைலேஜ் கூடும் என்பதும் உண்மையல்ல. நேர்ச்சங்கிலிகள் மிகுந்த டீசல் சற்று எடை குறைந்தது. லிட்டர் கணக்கில் பார்த்தால் அதில் வெப்பம் சற்றுக் குறைவாகக்கூட இருக்கும். குளிர் காலைத் தொடக்கம், புகை, சத்தம் ஆகிய மூன்றில்தான் நல்ல எண்ணின் அருமை தெரியும்.

கிணற்றுமேட்டுக்கு வருவோம். டீசலில் கலப்படம் என்று பெரியப்பா சொன்னது சரியாக இருந்திருக்க வழியில்லை. விடிகாலைக்கும் பத்து மணிக்கும் இடையே பீப்பாயில் எதுவும் மாறவில்லை. எண் டீசலுக்கு உரியது, தாமதமோ டீசலும் காற்றின் சூடும் சேர்ந்து தீர்மானிப்பது. ஆய்வக இன்ஜினைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். அங்கே உள்ளே போகும் காற்றை அறையின் குளிர்ச்சிக்கு விட்டுவிடுவதில்லை. ஹீட்டர் வைத்து 66 டிகிரிக்குச் சூடேற்றியே அனுப்புகிறார்கள். எந்த ஊரில், எந்த மாதத்தில் சோதித்தாலும் டீசலின் குணம் மட்டும் தனித்துத் தெரிய வேண்டுமே!

மார்கழிக் குளிரில் எரியும் சாக்குத் துண்டை வைத்துக்கொண்டு பெரியப்பா செய்ததும் அதுதான். வாய் டீசலைத் திட்டிக்கொண்டிருந்தது. கை காற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.